கட்ட வரி இல்லாவிட்டாலும் பத்திரத்தை அனுப்பு, மகள்

ஸ்காபரோ, கனடா
23 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. இங்கே பனி கரைந்துவிட்டது. சட்பரியில் இன்னும் குவிந்து கிடக்கும் என்று தெரியும், சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டுவிடு.

வியாழன் இரவு கதைக்கும்போது நீ சொன்னது மனதில் நிற்கிறது. "இந்த முறை எங்களுக்கு உழைப்புக் குறைவு அம்மா, கட்டவும் ஒன்றும் இல்லை, ரக்ஸை ஆறுதலாகச் செய்வம், செய்யாவிட்டாலும் பரவாயில்லை" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரசாங்கத்திட்ட கை நீட்டுற மாதிரி இருக்கு" என்றும் சொன்னாய். பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால் நான் மேலே கதைக்கவில்லை. போனில் சொன்னால் இலக்கங்கள் மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். வரிப்பத்திரம் நிரப்பும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதல் விசயம். வருமானம் குறைந்த குடும்பத்துக்குத்தான் இந்தப் பத்திரம் கூடத் தேவை. மாதம் 20ஆம் திகதி உன் கணக்கில் விழுகிற பிள்ளைக்காசு (கனடா சைல்ட் பெனிபிட்), பொருள்களுக்குக் கட்டுகிற வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஜி.எஸ்.ரி. காசு, வாடகை, எரிசக்திச் செலவுக்கென்று ஒன்ராறியோ மாகாணம் தருகிற ரில்லியம் காசு, எல்லாமே நீங்கள் அனுப்புகிற வரிப்பத்திரத்தைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகின்றன. பத்திரம் போகாவிட்டால் உங்கள் வருமானம் எவ்வளவு என்று வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ.க்குத் தெரியாது, காசு நின்றுவிடும். பிள்ளைக்காசின் வருசம் ஜூலையில் தொடங்கும். இந்த ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை வரப்போகிற காசு, 2024இல் நீங்கள் உழைத்ததை வைத்து வருவது. நீயும் மருமகனும், இருவருமே பத்திரம் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு ஒரு சதம் வருமானம் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் நான் நூலகத்து அறையில் தொண்டராக இருந்து ரக்ஸ் செய்து கொடுக்கிறது உனக்குத் தெரியும். போன வருசம் ஒரு பிள்ளை வந்தாள், உன் வயதுதான் இருக்கும். யாரென்று உன்னிடம்கூடச் சொல்லக்கூடாது. தள்ளுவண்டியில் குழந்தை நித்திரை, கைப்பிடியில் ஒரு ஷொப்பிங் பை. பைக்குள் மண்ணிற உறைகள் ஒரு கட்டு, றப்பர் பாண்ட் போட்டபடி. ஒன்றுகூட உடைக்கவில்லை. "காசு கட்டச் சொல்லித்தான் எழுதியிருப்பாங்கள் அன்ரி, பயத்தில திறக்கேல்லை" என்றாள். நான் அடியில் இருந்த உறையை முதலில் உடைத்தேன். ஆடி மாதத்துக் கடிதம். கணவருடைய வரிப்பத்திரம் கிடைக்கவில்லை, அதனால் பிள்ளைக்காசைக் கணக்கிட முடியவில்லை என்று இரண்டு வரிதான். அவள் தன்னுடையதை ஒழுங்காக அனுப்பியிருந்தாள். கணவருக்கு அந்த வருசம் வேலை இல்லை, "எனக்கு என்னத்துக்கு" என்று விட்டுவிட்டார். எட்டு மாதமாகக் குழந்தையின் பாலும் நாப்பியும் கிரெடிட் கார்ட்டில் போயிருக்கின்றன. அவர் வந்து இருந்து பத்திரம் போட அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நின்ற காசு முழுவதும் பிறகு சேர்ந்து வந்தது. கார்ட்டுக்குக் கட்டிய வட்டி திரும்பி வரவில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். இப்போது நடக்கிற, 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரையான பிள்ளைக்காசு வருசத்துக்கு ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆகக்கூடியது 7,787 டொலர், ஆறு தொடக்கம் பதினேழு வரை 6,570 டொலர். குடும்பத்தின் நிகர வருமானம், அதாவது கழிவுகள் போக மிஞ்சுகிறது, 36,502 டொலருக்குள் இருந்தால் முழுத்தொகையும் கிடைக்கும், அதற்கு மேலே போகப் போகக் குறையும். ஜூலையில் இந்த எண்கள் விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் கூடும். ஆறு வயதாகாத சின்னவளுக்கும் எட்டு வயது மூத்தவனுக்கும் சேர்த்துப் பார், வருசம் 14,357. மாதம் கிட்டத்தட்ட 1,196 டொலர், அதற்கு வரியும் இல்லை. ஜி.எஸ்.ரி. காசு கணவன் மனைவிக்கு 680, பிள்ளைக்கு 179 வீதம், உங்களுக்கு 1,038 வரை வரலாம். உங்கள் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் எனக்குத் தெரியும். இந்தக் காசு இல்லாமல் மருமகன் படித்து முடிப்பது எப்படி?

அடுத்தது கனடா வேர்க்கர்ஸ் பெனிபிட். குறைந்த சம்பளத்தில் உழைக்கிறவர்களுக்கு வரி கட்டாவிட்டாலும் கையில் தருகிற காசு இது. 2024க்குக் குடும்பத்துக்கு ஆகக்கூடியது 2,739 டொலர். முழுநேரம் படிக்கிறவருக்குக் கிடையாது என்று யாராவது மருமகனுக்குச் சொல்லியிருப்பார்கள். அது பிள்ளை இல்லாத மாணவருக்கு. உங்களோடு பிள்ளைகள் இருப்பதால் நீங்கள் கேட்கலாம். ஆனால் ஒருவர்தான் கேட்க வேண்டும், பத்திரத்தோடு சேர்ந்த அட்டவணை 6ஐ நிரப்ப மறக்காதே.

மருமகனுக்கு இன்னொன்று இருக்கிறது, கனக்கப் பேர் பார்ப்பதே இல்லை. கனடா ட்ரெயினிங் கிரெடிட். 25 வயது நிரம்பியவர் உழைத்து, ஒழுங்காக வரிப்பத்திரமும் அனுப்பினால், 2019 தொடக்கம் வருசத்துக்கு 250 டொலர் அவர் பெயரில் சேர்ந்து வரும். அவர் இங்கே தொழிற்சாலையில் நின்ற காலம் முழுவதும் சேர்ந்திருக்கும். எவ்வளவு என்று பத்திரத்தைப் பார்த்து முடித்து சி.ஆர்.ஏ. அவருக்குப் போன வருசம் அனுப்பிய நோட்டிஸ் ஒஃப் அசெஸ்மென்ற் கடிதத்தில் எழுதியிருக்கும், எடுத்துப் பார்க்கச் சொல். கட்டிய கல்லூரிக் கட்டணத்தின் பாதிவரை அதிலிருந்து காசாகவே திரும்ப எடுக்கலாம். கட்டணத்தைக் காட்டுகிற ரி2202 சீட்டு தபாலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம், கல்லூரியின் மாணவர் தளத்தில் இருக்கும்.

பிள்ளை பராமரிப்புச் செலவை யார் கழிப்பது என்று கேட்டாய். பொதுவாக வருமானம் குறைந்தவர். 2024இல் அவர் ஓகஸ்ட் வரை முழுநேரம் உழைத்தார், உன்னுடையது பகுதிநேரம், ஆகவே நீ கழி. சின்னவளுக்கு 8,000 வரையும் மூத்தவனுக்கு 5,000 வரையும் எல்லை இருக்கிறது, உன் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவும் ஏலாது. அடுத்த வருசம் நிலைமை மாறும், அவருடையதுதான் குறைவாக இருக்கும். அப்போதும், அவர் முழுநேரம் படித்த கிழமைகளுக்கு நீ கழிக்கலாம்: சின்னவளுக்குக் கிழமைக்கு 200, மூத்தவனுக்கு 125 என்ற கட்டோடு. இதை வடிவாகச் செய்தால் நிகர வருமானம் இறங்கும். அது இறங்கினால் பிள்ளைக்காசும் மற்றக் காசுகளும் கூடும். ஒரு பற்றுச்சீட்டுக்கு இத்தனை பயன் இருக்கிறது, எறியாதே. வீட்டில் வைத்துப் பார்க்கிற அன்ரியிடம் விட்டிருந்தால் அவவின் சின் நம்பரும் (சமூகக் காப்புறுதி இலக்கம்) சீட்டில் வேண்டும்.

நீங்கள் ஓகஸ்டில் இடம் மாறினது இன்னொரு காரியம். டிசம்பர் 31இல் சட்பரியில் இருந்ததால் வட ஒன்ராறியோவுக்கு உரிய எரிசக்திக் காசும் உங்களுக்கு உண்டு. அதற்கும் வாடகைக்கு உரிய பங்குக்கும் ஒன்-பென் என்ற படிவத்தை நிரப்பினால்தான் ரில்லியம் காசு முழுதாக வரும். அதில் இங்கே பேஸ்மென்றுக்குக் கட்டிய மாதங்களை ஒரு வரியிலும், அங்கே கட்டியதை அடுத்த வரியிலும் போடு. பழைய வீட்டுக்காரர் ரசீது தரமாட்டார் என்று அந்த ஏழு மாதத்தையும் விட்டுவிடாதே. நீ மாதாமாதம் அனுப்பிய காசு வங்கிக் கூற்றில் இருக்கிறது. சாமான் ஏற்றிப்போன லொறிச் செலவையும், அங்கே நீ புது வேலையில் உழைத்ததிலிருந்து கழிக்க இடம் இருக்கிறது.

எரிபொருளின் கார்பன் வரிக்கு ஈடாக வருகிற கார்பன் காசு இந்த ஏப்ரல் 22ஆம் திகதியோடு முடிகிறது. ஏப்ரல் 2க்கு முன்னம் கணினி வழியாகப் பத்திரத்தை அனுப்பினால் அதுவும் நேரத்துக்கு வரும். கடைசித் திகதி ஏப்ரல் 30தான், ஆனால் நீங்கள் அதுவரை நிற்க வேண்டாம்.

மகள், நீ கூச்சப்படுகிறது எனக்கு விளங்குகிறது. ஆனால் உனக்கு ஒன்று தெரியவேணும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஃபமிலி அலவன்ஸ் என்று ஒரு செக் வரும். 1993இல் அதை நிற்பாட்டி, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிற சைல்ட் ரக்ஸ் பெனிபிட் ஆக்கினார்கள். அப்பா அப்போது இரவில் டவுன்ரவுனில் கோப்பை கழுவினார். அந்தச் செக் என் பெயரில் வந்தது. இந்த நாட்டில் என் பெயரை அச்சடித்து வந்த முதல் காசு அதுதான். அதில்தான் உனக்கு முதல் ஸ்னோசூட்டும் சப்பாத்தும் வாங்கினேன். அதற்காக நான் தலை குனிந்ததில்லை. பிறகு அப்பாவும் நானும் முப்பது வருசம் உழைத்து வரி கட்டினோம், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அது போயிருக்கும். நாளைக்கு நீங்களும் கட்டுவீர்கள். இதில் கை நீட்டல் எங்கே இருக்கிறது? சட்டம் உன் பிள்ளைகளுக்கென்று எழுதிவைத்த காசு. இன்றும் தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால் அது பொதுவாகத் தாயின் பெயரில்தான் வருகிறது.

எடுக்க வேண்டியதை ஒரு சதம் விடாமல் எடு. உரிமை இல்லாததை ஒரு சதமும் கேட்காதே. "பிரிஞ்சிருக்கிறம் எண்டு போடு, கூட வரும்" என்று ஒரு சிநேகிதி சொன்னதாகச் சொன்னாய். அந்தக் கதையை வீட்டுக்குள் எடுக்காதே. குடும்பம் முறிந்து 90 நாள் தனித்தனியாக வாழ்ந்தால்தான் பிரிவு என்று கணக்கு. படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஒருவர் வேறு ஊரில் நிற்பது பிரிவு இல்லை. சி.ஆர்.ஏ.காரர் ஒருநாள் வாடகை ஒப்பந்தத்தையும் பள்ளிக்கூடக் கடிதத்தையும் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும்போது அது ஆயிரக் கணக்கில் நிற்கும். அதைவிட, உன் கையெழுத்துக்கு மேலே பொய் இருக்கிறதை நான் விரும்பவில்லை.

கடைத்தெருவில் "உடனே காசு" என்று பலகை போட்டு ரக்ஸ் செய்கிறவர்களிடமும் போகாதே. உன் ரீஃபண்டில், அதாவது திரும்பி வருகிற வரிக்காசில், முதல் 300 டொலருக்கு 15 வீதமும் மிச்சத்துக்கு 5 வீதமும் எடுக்கச் சட்டம் அவர்களை விடுகிறது. 2,300 டொலர் வரவேண்டிய இடத்தில் 145 டொலர் போய்விடும். வங்கிக் கணக்கை நேரடி வைப்புக்குக் கொடுத்து, கணினியில் அனுப்பினால் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் அதே காசு முழுசாக வரும். "உங்கள் ரீஃபண்ட் தயார்" என்று போனுக்கு இணைப்பு வந்தால் அழித்துவிடு. சி.ஆர்.ஏ. இ-ட்ரான்ஸ்ஃபரில் காசு அனுப்புவதே இல்லை.

பத்திரம் போய் முடிந்தபிறகு இரண்டு காரியம் இருக்கிறது. பிள்ளைகளின் பல்லுக்குக் கனடா பல் பராமரிப்புத் திட்டத்தில் விண்ணப்பி. தனியார் பல் காப்புறுதி இல்லாத, வருமானம் 90,000க்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது போன ஜூன் தொடக்கம் திறந்திருக்கிறது. அதற்கும் இருவருடைய அசெஸ்மென்ற்தான் கேட்பார்கள். மற்றது, இரண்டு பேருக்கும் ஆர்.ஈ.எஸ்.பி. என்ற படிப்புச் சேமிப்புக் கணக்குத் திற. நீங்கள் ஒரு டொலரும் போடாவிட்டாலும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு லேர்னிங் பொண்ட் என்று முதல் 500 டொலரும் பிறகு தகுதி உள்ள ஒவ்வொரு வருசத்துக்கும் 100 டொலரும், மொத்தம் 2,000 வரை அரசாங்கம் போடும். கடந்துபோன வருசங்களுக்கு உரியதும் சேர்ந்து வரும். மூத்தவனுக்கு எட்டு வயதாகிறது, இன்னும் திறக்கவில்லை என்று நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. இதை இந்தக் கோடைக்கு முன்னம் முடி.

அடுத்த ஞாயிறு பின்னேரம், சின்னவள் நித்திரையானதும் கூப்பிடு. நீ திரையைக் காட்டு, நான் பக்கத்தில் இருந்த மாதிரிப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் இருவருடைய ரி4 சம்பளச் சீட்டு, அவருடைய ரி2202, போன வருச அசெஸ்மென்ற், வாடகைக் கணக்கு, டே-கெயார் சீட்டு எல்லாம் மேசையில் இருக்கட்டும். ரி4ஐ கணினி தானாக இழுத்து நிரப்பினாலும் கடதாசியோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அவருக்குப் பழைய தொழிற்சாலையினதும் கல்லூரிப் பகுதிநேர வேலையினதும் என்று இரண்டு ரி4 வர இருக்கிறது. அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பாதே, அதில் சின் நம்பர் இருக்கிறது. மருமகனையும் அந்த நேரம் வீட்டில் நிற்கச் சொல், அவருடைய பத்திரத்தை அவரே பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அம்மா