தரம் 8 பிள்ளைகளின் சாட்டிப் பயணம்: பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்த சனிக்கிழமை தரம் 8 பிள்ளைகளை யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள வேலணைத் தீவுக்கு அழைத்துச் செல்கிறோம். முதலில் மண்கும்பான், பிறகு சாட்டிக் கடற்கரை. காலை 7 மணிக்குப் பாடசாலை வாசலிலிருந்து பஸ் புறப்படும். பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி வழியாகப் போகிறோம். தூரம் அதிகமில்லை.

"ஏன் சேர் கசூரினாவுக்குப் போகவில்லை?" என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். காரைநகர்க் கசூரினாவின் சவுக்கு நிழலும் அமைதியான கடலும் எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் அங்கே குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு வந்தவர்கள். சாட்டியை நான் தெரிவு செய்தது அங்குள்ள மணலுக்காகவும், அந்த மணலுக்குள் இருக்கும் தண்ணீருக்காகவும்.

வேலணையும் அதையடுத்த தீவுகளும் சேர்ந்த தீவகத்தில் ஆறு கிடையாது. எத்தனையோ கிணறுகளில் உவர்த் தண்ணீர்தான். அப்படியிருக்க, மண்கும்பானிலும் சாட்டியிலும் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருக்கின்றன. தீவகத்தின் மற்ற ஊர்களுக்கும் அங்கிருந்து குடிதண்ணீர் போயிருக்கிறது. மாரி மழையை மணல் மேடு உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால், நிலத்துக்கடியில் புகுந்து நிற்கும் கடல்நீருக்கு மேலே அது மிதந்து நிற்கும். மணலை அள்ளிக்கொண்டு போனால் மழையைப் பிடித்துவைக்க இடமில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ அடியிலிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். இதைக் கரும்பலகையில் நானே பலமுறை கீறிக் காட்டியிருக்கிறேன். கிணற்றடியில் நின்று பார்த்தால்தான் பிள்ளைக்கு அது மனதில் நிற்கும்.

கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு, கடல் தண்ணீரில் ஒரு சொட்டு, இரண்டையும் கறுப்புத் தட்டில் விட்டு வெயிலில் காயவைப்போம். எதில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். மணலைக் கட்டிப்பிடித்திருக்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காமல் பார்த்து வரைய வேண்டும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று எல்லோரும் சொல்கிறோம், அந்தக் கொடியைக் கண்டிராத பிள்ளைகள் என் பாடசாலையில் இருக்கிறார்கள். எனக்கு அது கவலை.

உங்களில் சிலரின் குடும்பங்கள் 1990-இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்தவை. வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், அந்தக் காலத்தில் எங்கே தண்ணீர் அள்ளினார்கள், எத்தனை குடம், யார் சுமந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். அரைப் பக்கம் போதும். போக வேண்டாம் என்று பழைய நினைவு தடுத்தால் வற்புறுத்த மாட்டேன், என்னிடம் நேரில் சொன்னால் சரி.

இனி, கடலில் இறங்குவது பற்றி. சாட்டியில் கரையோரம் ஆழம் குறைவுதான். ஆனாலும் முழங்காலுக்கு மேல் யாரும் போகக்கூடாது, நீந்தத் தெரிந்த பிள்ளையும்தான். நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், வேறொரு பாடசாலையில், கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளில் ஒருவனைக் கால் மணி நேரம் காணவில்லை. தாழை மரத்துக்குப் பின்னால் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கால் மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதனால் பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், அரை மணிக்கொரு தரம் எண்ணிக்கை. உதவிக்கு வரக்கூடிய பெற்றோர் நான்கு பேர் வேண்டும், கடல் பழக்கம் உள்ளவர்கள் வந்தால் பெரிய உதவி.

சோளகக் காற்று அடங்கி, மழை கொண்டுவரும் வாடைக் காற்று தொடங்குவதற்கு முந்திய நாட்கள் இவை. மழைக்கு முன் கிணறுகளில் தண்ணீர் மிகவும் கீழே நிற்கும், பார்ப்பதற்கு அதுவே நல்ல நேரம். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பி கட்டாயம். சாப்பாட்டை வாழையிலையிலோ பெட்டியிலோ கட்டிவிடுங்கள், லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாள் வேண்டாம். தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு, துவாய் போதும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மருந்தை வகுப்பாசிரியரிடம் கையளியுங்கள்.

பஸ் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். காசுக்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்கக்கூடாது.

கீழேயுள்ள சம்மதத் துண்டில் கையொப்பமிட்டுப் புதன்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். பிற்பகல் 2 மணிக்குத் திரும்பிவிடுவோம். வாசலில் வந்து நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அதிபர்