மாமாவுக்கு: பெரிய டயரும் கிரவுன் பினியனும்

டென்வர், கொலராடோ
அக்டோபர் 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். மலையில் பனி விழ ஆரம்பித்துவிட்டது.

"நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்குடா கிரவுன் பினியனை மாத்துறாங்க?" என்று கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே பிக்கப்பைத்தான் டிரக் என்கிறார்கள். அதில் லோடு ஏற்றுகிறவர்களைவிட, சஸ்பென்ஷனை மூன்று நாலு அங்குலம் தூக்கி, பெரிய டயர் மாட்டி, விடுமுறைக்கு மலைப்பாதையில் கல் மேல் ஏற்றி இறக்குகிறவர்கள்தான் எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். வண்டியைத் தூக்குவதால் ரேஷியோ, அதாவது எஞ்சின் சுற்றுக்கும் வண்டி போகிற தூரத்துக்கும் உள்ள கணக்கு, மாறாது, டயரால்தான் மாறும். பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டைச் சின்னதாக்கினால் இழுவை செத்துப்போகுமே, அதே கதை.

டொயோட்டா டகோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் 2015 வரை வந்த மாடல், 4.0 லிட்டர் வி6, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஆக்சில் ரேஷியோ 3.73, அதாவது பினியன் 3.73 சுற்று சுற்றினால் கிரவுனும் சக்கரமும் ஒரு சுற்று. அதோடு வந்த 265/70 ஆர்16 டயரின் உயரம் 30.6 அங்குலம். டாப் கியர் 0.716. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு சுலபம்: மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை ஆக்சில் ரேஷியோவாலும் கியர் ரேஷியோவாலும் 209-ஆலும் பெருக்கி, டயர் அங்குலத்தால் வகுக்க வேண்டும். 105 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1,915 சுற்று வரும். 35 அங்குல டயர் மாட்டினால் அதே வேகத்தில் 1,675-க்கு இறங்கிவிடும். இந்த எஞ்சினுக்கு முழு டார்க், அதாவது முறுக்கு விசை, கிடைப்பதே 4,000 சுற்றில்.

டயரில் அச்சடித்த அளவை நம்பக் கூடாது. 285/75 ஆர்16-ஐ 33 என்று விற்கிறார்கள், கணக்குப் போட்டால் 32.8தான். வண்டி எடையோடு நிற்கும்போது டயர் இன்னும் அமுங்கும். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, போன தூரத்தை 3.14-ஆல் வகுத்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

பழைய சுற்றுக்குத் திரும்ப வேண்டுமானால் 3.73-ஐ புது டயர் அளவால் பெருக்கிப் பழைய அளவால் வகுக்க வேண்டும். 33-க்கு சுமார் 4.0, 35-க்கு சுமார் 4.27 வரும். நிறையப் பேர் இங்கேயே நின்று 4.10-ஐயோ 4.30-ஐயோ கேட்கிறார்கள். நான் சம்மதிப்பதில்லை. பெரிய டயரின் எடை விளிம்பில் இருக்கிறது, அதைச் சுழற்றவே பலம் வேண்டும். தூக்கிய வண்டி காற்றையும் அதிகம் தள்ளுகிறது. இதையெல்லாம்விட முக்கியம், உயரம். டென்வரே 1,600 மீட்டர். ஐ-70 சாலையில் மேற்கே போனால் ஐசனோவர் சுரங்கம் 3,400 மீட்டரில் இருக்கிறது. நம் ஊட்டி 2,240தான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பலம் போகிறது, சுரங்க வாசலில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட இல்லை.

அதனால் 33-க்கு 4.56, 35-க்கு 4.88. இரண்டிலும் 105-இல் 2,170 முதல் 2,190 சுற்று வருவதைப் பாருங்கள். 3.73-ஐ மைலேஜுக்காக வைத்துக்கொண்டால் மேட்டில் கியர் ஐந்துக்கும் நாலுக்கும் மூன்றுக்கும் அல்லாடும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைக்கும் கன்வெர்ட்டர் லாக் விட்டு விட்டுப் பிடிக்கும், ஆயில் கொதிக்கும். கடைசியில் மைலேஜும் கிடைக்காது. பத்து கியரும் டர்போவும் உள்ள புது வண்டிகளுக்கு இந்த ஒரு படி கூடுதல் அவ்வளவு தேவையில்லை.

அதற்காக எல்லையில்லாமல் ஏறவும் முடியாது. 3.73 என்பது 41/11 பல், 4.56 என்றால் 41/9, 4.88 என்றால் 39/8, 5.29 என்றால் 37/7. பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது, பல்லும் குறைகிறது. கல்லில் சிக்கிய டயரை ஆக்சிலேட்டரை அமுக்கி இழுத்தால் முதலில் போவது அதுதான்.

முன்னாலும் பின்னாலும் ஒரே ரேஷியோ கட்டாயம். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால், முன் பின் ஆக்சில்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில், பலத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும். செலவைப் பாதியாக்க நினைத்து இதைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு ஆக்சிலுக்கும் பாகம், கூலி சேர்த்து 2,000 முதல் 3,000 டாலர் வரை ஆகிறதே, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

பொருத்துவது உங்களுக்குத் தெரிந்த வேலை. பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டம், பெரும்பாலும் 0.006 முதல் 0.010 அங்குலம், ஆனால் செட்டோடு வரும் தாளில் உள்ளதே கணக்கு. பல்லில் பேஸ்ட் பூசிச் சுற்றினால் விழும் தடம்தான் பேட்டர்ன். வண்டியை இழுக்கும்போது அமுங்கும் டிரைவ் பக்கத்தில் அது பல்லின் அடிக்கு இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனிக்கு ஏறியிருந்தால் வெளியே நிற்கிறது. பினியன் நட்டை அதிகமாக இறுக்கிவிட்டால் திரும்பத் தளர்த்தி ஒப்பேற்றக் கூடாது, பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி இறுக்கத்தைத் தரும் ஸ்லீவைப் புதிதாகப் போட வேண்டும். இங்கே திரும்பி வரும் வண்டிகளில் பாதி, அவசரத்தில் இதை விட்டவை. பழைய பேரிங்கைத் திரும்பப் போட்டுக் காசு மிச்சம் பிடித்தவை மீதி.

முதல் ஓட்டம் மெதுவாக 25 கிலோமீட்டர், பிறகு ஹவுசிங்கைத் தொட முடிகிற அளவுக்கு ஆற விட வேண்டும். 800 கிலோமீட்டர் வரை டிரெய்லர் இழுக்கக் கூடாது. அது ஆனதும் ஆயிலை மாற்ற வேண்டும், அதில் மினுக்கும் தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் துண்டாக வந்தால் திறந்தே ஆக வேண்டும். ஸ்பீடாமீட்டரையும் திருத்த வேண்டும். 35 டயரில் அது 100 காட்டும்போது உண்மையில் 114-இல் போய்க்கொண்டிருப்போம்.

இந்த வாரம் ஒரு 4.88 செட்டைக் கட்டுகிறேன். மஞ்சள் பேஸ்ட் பூசிச் சுற்றிய பேட்டர்னை இரண்டு பக்கமும் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், ஆக்சிலேட்டரை விட்டு ஓடும்போது அமுங்கும் கோஸ்ட் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்