1917க்கு முன்னால் ஆடியவர்கள் சும்மாவா ஆடினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழின் விளையாட்டுப் பக்கத்தில் "தொழில்முறை ஐஸ் ஹொக்கி 1917இல் என்.எச்.எல்.லோடு பிறந்தது" என்று ஒரு வரி. உங்களுக்குத் தெரியாததா? அந்த என்.எச்.எல்., அதாவது தேசிய ஹொக்கி லீக், மொன்றியலில் பிறந்தது நவம்பர் 26ஆம் திகதி. அதே வருடம் மார்ச்சிலேயே சியாட்டில் அணி மொன்றியல் கனடியன்ஸை வென்று, ஐஸ் ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கிவிட்டது. அந்தப் பெடியள் என்ன, கோயில் திருவிழாவுக்குத் தொண்டு செய்ய வந்தவர்களா? சம்பளத்துக்கு ஆடியவர்கள். 1904இலேயே மிச்சிகனின் செப்புச் சுரங்க ஊர்களும் பிற்ஸ்பேர்க்கும் சேர்ந்து ஆட்டக்காரருக்கு வெளிப்படையாகக் காசு கொடுத்து லீக் நடத்தின. 1909-10 பருவத்துக்கு ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊர் அன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் சைக்ளோன் டெய்லருக்குக் கொடுத்தது 5,250 டொலர்!

இதைக்கூட விட்டிருப்பேன். அதே பக்கத்தில், பற்றிக் சகோதரர்கள் மேற்குக் கரையில் "ஏதோ ஒரு லீக்" நடத்தினார்களாம். ஏதோ ஒரு! ஐயா, நான் இங்கே ஒரு அரீனாவில் 19 வருடம் ஐஸ் போட்டவன். தண்ணீரை மெல்லிசாக அடித்து, அது இறுகும்வரை காத்திருந்து, திரும்ப அடித்து, விடிய 4 மணிக்கு விரல் மரத்துப்போய் நிற்கும்போதுதான் தெரியும் ஐஸ் என்றால் என்னவென்று. குளத்துத் தண்ணீர் ஒழுங்காக உறையாத வன்கூவரிலும் விக்ரோரியாவிலும், தகப்பன் மரத் தொழிலை விற்ற காசைக் கொட்டி, 1911இல் இயந்திரத்தால் ஐஸ் போட்டு அரங்கு திறந்தவர்கள் அவர்கள். கனடாவில் அதுதான் முதல் தடவை. கோலி, அதாவது கோல் காப்பவர், விழுந்து பந்தைத் தடுக்கலாம் என்று விட்டவர்களும் அவர்கள்தான், என்.எச்.எல்.லில் முதல் பருவம் தொடங்கிச் சில வாரம் போகும்வரை விழுந்தால் குற்றம். (பந்து என்று எழுதிவிட்டேன், அது 'பக்', தட்டையான ரப்பர் வட்டு. உங்கள் பத்திரிகையைப் படித்துப் படித்து எனக்கும் தொற்றிவிட்டது.)

அப்புறம், போன வருடம் ஐஸ் ஹொக்கிக் கட்டுரைக்குப் புல்தரை ஹொக்கி மட்டையின் படம் போட்டீர்கள். அதற்கும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை. இடமில்லையாக்கும், ராசிபலனுக்கு மட்டும் 2 பக்கம் இருந்தது. சந்தா முடிய 3 மாதம் இருக்கும்போதே நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது, இதழ்தான் 10 நாள் பிந்தி வருகிறது.

சரி, இரண்டு வரியில் திருத்தம் போட்டால் போதும். ராசிபலனுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்