12 போர் தோட்டாவும் 20 போர் தோட்டாவும் ஒரே பையில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நடக்கும் ஃபெசன்ட் பறவை வேட்டை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் இரண்டு பிழைகள். முதலாவது ஆளையே கொல்லக்கூடியது.

12 போர், 20 போர் (போர் என்பது துப்பாக்கிக் குழலின் அளவு) தோட்டாக்கள் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டால் வசதி என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே கூடாது. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். மெலிந்த 20 போர் தோட்டா 12 போர் துப்பாக்கியின் அறையில், அதாவது தோட்டா வைக்கும் இடத்தில், நிற்காது. வழுக்கிப்போய் குழல் குறுகும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தம்தான் வரும். திறந்து பார்த்தால் அறை காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று எண்ணி 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், அதுவும் இடது கை பிடித்திருக்கும் இடத்தருகே. 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இந்த ஆபத்துக்காகத்தான். பெரும்பாலும் போன வாரம் வேறு துப்பாக்கியோடு போட்ட மேல்சட்டையின் பையில் ஒன்றிரண்டு தங்கியிருக்கும். கிளம்பும் முன் பைகளைக் கவிழ்த்து உதறுங்கள். ‘டிக்’ கேட்டால், அறைப் பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, வேட்டை நாய் பறவையைத் துரத்திக் கடித்துக் குதறும் என்பது. அந்த நாயின் வேலை மூக்கில் இருக்கிறது. ஃபெசன்ட்டும் நம் கௌதாரி போலத்தான். பறப்பதைவிடப் புல்லுக்குள் ஓடுவதையே விரும்பும். (கௌதாரியைச் சுடுவது நம் நாட்டில் குற்றம்.) அதனால் அதன் வாடை நாய்க்கு வரும்படி காற்றுக்கு எதிராக நடந்து, நாயை முப்பது மீட்டருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டி எழும் பறவையைச் சுட்டால் பெரும்பாலும் காயம்தான் படும், சாகாது.

நாயின் அருமை பறவை விழுந்த பிறகுதான் தெரியும். இறக்கை மட்டும் ஒடிந்த ஃபெசன்ட் சேவல் விழுந்த இடத்தில் கிடக்காது. எழுந்து ஓடிப் புதருக்குள் பதுங்கிவிடும். நாம் போய்ப் பார்த்தால் நாலு இறகு கிடக்கும். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த பறவையைச் சுடாமல், அங்கே மிதித்து வாடையைக் கலைக்காமல் நாயை அனுப்ப வேண்டும். பழகிய லாப்ரடார் மோப்பம் பிடித்துப் போய்ப் பல் பதியாமல் கவ்வி வரும். நாய் இல்லாமல் சுடுகிறவர் காயம்பட்ட பறவையைப் புதருக்குள் சாகவிடுகிறார். அது பெரும் பாவம்.

பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். தாழப் பறப்பதன் பின்னால் நாய் தாவிக்கொண்டிருக்கும். பெட்டை ஃபெசன்ட்டைச் சுடக் கூடாது. சேவலும் நாளுக்கு மூன்றுதான். மாலையில் நாயின் விரலிடுக்கு, காது, கண்ணிமை எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். அங்குள்ள புல்லின் முள்விதை தோலில் ஏறிவிட்டால் பின்வாங்காது, உள்நோக்கியே போய்ச் சீழ் வைக்கும்.

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை அங்கே வேட்டைக் காலம் தொடங்குகிறது. அங்கு வேலை செய்யும் நம் பிள்ளைகளும் நண்பர்களோடு போகிறார்கள். அதற்குள் அந்தத் தோட்டா வரிக்காவது திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், சூ ஃபால்ஸ், தெற்கு டகோட்டா