மகளிர் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் ‘சமைத்துப் பார்’ நூலாசிரியர் எஸ். மீனாட்சி அம்மாளின் பணியைப் பற்றியே நடைபெற்றன. 1905இல் பிறந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தாங்கிய அவரிடம் பக்குவம் கேட்டு உறவினர்கள் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்ட உறவினரும் வழக்கறிஞருமான கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர், அவற்றையெல்லாம் நூலாக்கிவிடலாமே என்று தூண்ட, 1951இல் முதல் பாகம் வெளிவந்தது. பின்னர் மேலும் இரண்டு பாகங்கள் வந்தன. 1962இல் அம்மையார் மறைந்தார்.

தமிழில் முதல் சமையல் நூல் இதுதான் என்று முதல் கூட்டத்தில் சிலர் கூறியதை இங்கே திருத்திப் பதிவு செய்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் சமையல் நூல்கள் அச்சேறியுள்ளன. மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் நின்று ‘போதும், இறக்கு’ என்று சொல்ல ஆளில்லாத பெண்ணை மனத்தில் வைத்து, அளவையும் வரிசையையும் விடாமல் எழுதியதுதான் அம்மையாரின் சிறப்பு என்பது என் கருத்து. வேலை நிமித்தம் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் குடிபோன புதுமணப் பெண்களின் பெட்டிகளில் இந்நூல் இடம்பெற்றதற்கும் அதுவே காரணம்.

ஆடி மாதக் கூட்டத்தில் பழைய பதிப்பை வைத்து மோர்க்குழம்பும் ரசமும் செய்து பார்த்தோம். ஆழாக்கு, பலம் என்ற அளவைகளில் இளைய உறுப்பினர்கள் திணறவே, ஆழாக்கை ஏறத்தாழ 200 மில்லிலிட்டராகவும், மூன்று பழைய ரூபாய் நாணயங்களின் எடையுள்ள பலத்தை 35 கிராமாகவும் கொண்டோம். அப்படியும் ரசம் வாயில் வைக்க முடியாதபடி கரித்துவிட்டது. அம்மையார் எழுதிய காலத்தில் வீடுகளில் புழங்கியது கல் உப்பு. கற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டி கல் உப்பைவிட அதே கரண்டி பொடி உப்பு எடையில் கூடுதல் என்பதை, பாத்திரம் முழுவதையும் கொட்டிய பிறகே உணர்ந்தோம். பொடி உப்பைக் குறைத்து மறுபடியும் வைத்த ரசம் பந்தியில் இரண்டாம் முறை கேட்கும்படி அமைந்தது. பொறுப்பு செயலாளராகிய என்னுடையதே.

புரட்டாசிக் கூட்டம் மழையால் நடைபெறவில்லை. மார்கழியில், இந்நூலின் ஆங்கில வடிவமான ‘குக் அண்ட் சீ’யைக் கொண்டு சமைக்கும் உறுப்பினர் ஒருவர் தம் பாட்டியின் பித்தளை ஆழாக்கைக் கொண்டுவந்து காட்டினார், விளிம்பு நசுங்கியிருந்தாலும் நம் அளவுக் கோப்பையோடு பெரும்பாலும் ஒத்துப்போனது.

வரும் ஆண்டில் வடாம், ஊறுகாய் பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. மன்ற நூலகத்தின் இரண்டாம் பாகம் தை மாதத்திலிருந்து திரும்பி வரவில்லை. எடுத்துச் சென்றவர், பக்கங்களில் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் தயங்காமல் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்