அப்பாவின் நோட்டுகளைக் காப்பாற்றியவர்களுக்கு

நீலகிரியில் நம் கட்டபெட்டுக்காரர்களுக்கும், அந்த வாரம் முழுக்க எங்களுக்காக அலைந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

அந்த மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீரும் சேறும் புகுந்த ராத்திரி என்ன நடந்தது என்று விவரமாக எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப்பேர் எங்களோடு சேற்றில் நின்றீர்கள், மீதிப்பேர் செல்போனில் பார்த்துவிட்டீர்கள். அப்பா நன்றாக இருக்கிறார். அத்தை வீட்டில் ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார், அதனால் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கொட்டுகிற மழையில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு மேல்ரோட்டுக்கு ஏறிய பையன்கள், நடுராத்திரியில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர், தீயணைப்பு நிலையத்துக்காரர்கள், தூங்காமல் ஜேசிபி ஓட்டிய தம்பி, கஞ்சி காய்ச்சி ஊற்றிய மகளிர் குழு அக்காமார், கம்பளி கொடுத்த சர்ச்காரர்கள், பீரோவை ஏற்றி இறக்கிவிட்டு டீசல் காசுகூட வாங்காமல் போன பிக்கப்காரர், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடு. வீடு வீடாக வந்து நேரில் சொல்வேன். இங்கே பெயர் போட ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போகும், அப்புறம் ஆயுசுக்கும் அது பேச்சாகிவிடும்.

ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. டீ ஃபேக்டரியில் பச்சை இலை வாடப் போடும் மாடியில் வேலை பார்க்கிற அண்ணன். இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

அப்பா கீழ்நாட்டில், அதாவது மலைக்குக் கீழே சமவெளியில், ஒரு மிருகக்காட்சி சாலையில் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது ஊருக்கே தெரியும். அவர் பார்த்தது சிம்பன்சிகளை. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அந்தக் கூண்டைப் பற்றி அவர் எழுதி வைத்த நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஆபீஸ் ரெஜிஸ்டர் வேறு. அதில் எத்தனை வாழைப்பழம், எவ்வளவு பால், டாக்டர் வந்தாரா என்ற கணக்கு மட்டும் இருக்கும். இவை அவர் சொந்தத்துக்கு எழுதியவை. இப்போது அங்கே சிம்பன்சிகளுக்குப் புதிய இடம் கட்டத் திட்டம் போடுகிறார்கள். அதை வரைகிறவர்கள் அப்பாவைத் தேடிப்பிடித்துப் பழைய கூண்டைப் பற்றிக் கேட்டார்கள். “எல்லாம் நோட்டுல இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க” என்றார். அவர்கள் வருவதற்குள் மழை வந்துவிட்டது.

பெட்டியை வெளியே இழுத்தபோது மூடி இடுக்கில் தண்ணீர் ஊற்றியது. நோட்டுகள் ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன. வெயில் இல்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் ஈரக் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம், இஸ்திரி போடலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பீரோ தூக்க வந்திருந்த இந்த அண்ணன்தான் ஒரு நோட்டை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “சூடு காட்டாதீங்க தங்கச்சி, காயிதம் முறுக்கிக்கும். காத்து போதும். பொட்டிய ஃபேக்டரிக்கு அனுப்புங்க.”

ரோடு அடைபட்டதால் இலை வரத்து நின்றுபோயிருந்தது. மாடியில் தொட்டிகள் எல்லாம் காலி. டீ வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான தொட்டி, மேலே கம்பிவலை, ஒரு முனையில் பெரிய ஃபேன். வலைமேல் இலையைப் பரப்பி அடியிலிருந்து காற்று விட்டால் ஈரம் இறங்கி இலை துவளும். மழைக்காலத்தில் காற்றோடு சூடும் சேர்ப்பார்கள். அண்ணன் சூட்டை நிறுத்திவிட்டு வெறும் காற்றை மட்டும் வைத்தார். நாற்றுப் பண்ணைக்குப் போடுகிற பச்சை வலையைக் கீழே ஒன்று, தாள் பறக்காமல் மேலே ஒன்று விரித்தார். நோட்டுகளின் பின்னைக் கழற்றி, மூங்கில் சீவலை நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். ஜன்னல் பக்கத்திலிருந்து பக்கவரிசை மாறாமல் அடுக்கிக்கொண்டே வந்து, எந்த நோட்டு எங்கே முடிகிறது என்று தொட்டியின் ஓரச் சட்டத்தில் சாக்பீஸால் குறித்தார். ராத்திரியில் எழுந்து எழுந்து போய், இலையைப் புரட்டுகிற பக்குவத்தோடு தாள்களைப் புரட்டிப் போட்டிருக்கிறார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, “ஃபேன் ஓடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்கும் நன்றி. அந்த கரண்ட் பில்லை நாங்கள் பார்க்கவே இல்லை.

அப்பா பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிறவர், படமெல்லாம் பென்சில். அதனால் எழுத்து தப்பியது. கரைந்துபோனது சில பக்கங்களில் அதிகாரிகள் பச்சை மையில் போட்டுக்கொடுத்த கையெழுத்துகள்தான். அதைச் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

புரட்டும்போதே அண்ணன் படித்துவிட்டார். நான் போனதும், “தங்கச்சி, ஒத்தை வாசல் ரூம் கூடவே கூடாதுன்னு எழுதி மூணு கோடு போட்டிருக்காரே, ஏன்?” என்று கேட்டார். அப்பாவுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். விஷயம் இதுதான். சிம்பன்சிகள் சண்டை போடும், அப்புறம் சமாதானமும் ஆகும். நடுவில் இளைத்தது ஓடித் தப்பிக்க வழி வேண்டும். ஒரே வாசல் உள்ள அறையில் பெரியது வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டால் முடிந்தது கதை. எந்த அறைக்கும் இரண்டு வழி வேண்டும், அறைகள் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி இருக்க வேண்டும். அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, காயத்துக்கு மருந்து போட்டுத் தெரிந்துகொண்டார்.

பழைய கூண்டு கம்பியும் சிமெண்டுத் தரையும் டைல்ஸ் சுவரும்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலும் பல இடங்களில் அப்படித்தான் கட்டினார்கள். நோய் பயம். ஹோஸ் பைப்பை வைத்து அடித்தால் சுத்தமாகிவிடும். சுத்தமாக இருந்தது, உள்ளே இருந்ததற்குச் செய்ய ஒன்றும் இல்லை. அப்பாவின் நோட்டில் ஒரு பக்கம்: “கோணிச் சாக்கைக் கம்பி வழியாக உள்ளே இழுத்துக்கொண்டது. மேல்தட்டில் வட்டமாகச் சுருட்டி நடுவில் படுத்தது. காலையில் திருப்பித் தரவில்லை.” காட்டில் சிம்பன்சி தினமும் சாயங்காலம் கிளைகளை வளைத்துப் புதுப்படுக்கை போட்டுக்கொள்ளும். மறுநாளிலிருந்து அப்பா தினம் ஒரு சாக்கு கொண்டுபோயிருக்கிறார், கணக்கில் காட்டாமல்.

லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1926 முதல் 1972 வரை சிம்பன்சிகளை மேசையில் உட்காரவைத்து டீ குடிக்கவைத்துக் கூட்டத்துக்குக் காட்டினார்கள் என்ற குறிப்பும் ஒரு நோட்டில் இருக்கிறது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, “நம்ம டஸ்ட் டீயாத்தான் இருக்கும்” என்றார்.

அப்புறம் அகழி. நெதர்லாந்தில் ஆர்னெம் என்ற ஊரில் 1971-ல் ஒரு பெரிய சிம்பன்சிக் கூட்டத்தைத் திறந்தவெளித் தீவில் விட்டு, சுற்றித் தண்ணீர் விட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. கூட்டமாக விட்டால்தான் சிம்பன்சி சிம்பன்சியாக இருக்கும் என்று அங்கே வளர்ந்த தலைமுறைகள் காட்டின. அப்பாவின் மிருகக்காட்சி சாலையிலும் பிற்பாடு கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டினார்கள். அவர் எழுதியிருக்கிறார்: “பார்க்கிறவர்களுக்கு அழகு. எனக்குத் தூக்கம் போச்சு.” சிம்பன்சிக்கு நீச்சல் வராது. பல நாடுகளில் அகழியில் விழுந்து செத்திருக்கின்றன. உள்பக்கக் கரை ஒரேயடியாக இறங்காமல் சரிவாக வேண்டும், தண்ணீருக்கு முன்னால் ஒரு வேலி வேண்டும் என்று படம் போட்டு வைத்திருக்கிறார்.

1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தபிறகு விதிகள் எழுத்தில் வந்தன. நல்லதுதான். விதியில் நீள அகலம் இருக்கும். சித்திரை மாத வெயிலில் சாயங்காலம் 4 மணிக்கு நிழல் எந்த மூலையில் விழும் என்று இருக்காது. அது தரையில் சாக்பீஸால் நிழலைக் கோடு போட்டுப் பார்த்த ஆளுக்குத்தான் தெரியும். வரைபடம் போடுகிறவர்கள் இந்த ஆளைத் தேடி மலையேறி வர நினைத்தார்களே, அவர்களுக்கும் என் நன்றி. பல இடங்களில் கூட்டிப் பெருக்கியவரை யாரும் கேட்பதே இல்லை.

புதியது எப்படி இருக்க வேண்டும் என்பதில் அப்பாவுக்குத் தெளிவு இருக்கிறது. பார்வையாளர் தலைக்கு மேலே அவை ஏறி உட்கார உயரம் வேண்டும். நம் சளி, இருமல் அவற்றுக்குத் தொற்றி உயிரையே எடுக்கும் என்பதால் கண்ணாடி வேண்டும், ஆனால் கீழ்நாட்டு வெயிலில் அது அடுப்பாகாமல் கூரை நீள வேண்டும். சிமெண்டில் கரையான் புற்று மாதிரி ஒன்று செய்து உள்ளே தேன் வைக்க வேண்டும், குச்சி விட்டு அவையே எடுத்துக்கொள்ளும். 1960-ல் சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் தான்சானியாக் காட்டில் பார்த்தது இதைத்தான், சிம்பன்சி புல்லை விட்டுக் கரையானைப் பிடித்ததை. ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் 2008-ல் திறந்த சிம்பன்சி வீட்டில் மூன்று பெரிய கூடங்களை இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “வழி நிறைய இருக்கு” என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

இன்னொன்றும் சொன்னார். “ரெண்டே ரெண்டைக் கொண்டுவந்து வைக்கிறதா இருந்தா கட்டவே வேண்டாம்.” சிம்பன்சி 50 வயதைத் தாண்டியும் வாழும். கட்டுகிறவர்கள் ரிட்டயராகிப் போனபிறகும் அது அங்கேயே இருக்கும். எனக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

உலர்ந்த தாள்களை இப்போது நான் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, டைப் செய்து வருகிறேன். முடிந்ததும் அந்த மிருகக்காட்சி சாலைக்கு ஒரு பிரதி, வேறு எந்த ஊர் கீப்பர் கேட்டாலும் ஒரு பிரதி, காசில்லாமல். இது வாக்கு. அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். சிம்பன்சியை நேரில் பார்த்ததில்லையாம். புது இடம் திறக்கிற அன்று அவரையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு போவது அப்பாவின் பொறுப்பு, பஸ் செலவு என்னுடையது.

ஒரு நோட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பிரவுன் அட்டை, முதுகில் நீலத் துணி ஒட்டியது, உள்ளே அகழிக் கரையின் அளவுகள். ஓடைப் பக்கம் விறகுக்குப் போகிறவர்கள், கீழ்த் தோட்டத்தில் இலை எடுக்கிறவர்கள் கண்ணில் பட்டால் பிரிக்க வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே ஃபேக்டரி கேட்டில் கொடுத்துவிடுங்கள். அண்ணன் எந்த ஷிப்டில் இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
கீப்பர் வீட்டு மகள்
கட்டபெட்டு