ரேவதிக்கு, கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் விட்ட கதை

அன்புள்ள ரேவதி,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. என் கம்ப்யூட்டர் பாதி நாள் குடல் வெளியே தெரியக் கிடந்தது, மீதி நாள் நான் அதன் முன்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் இவ்வளவு நீளமாகத் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கர் இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே, என் அத்தை அப்படி நிறுத்திவிட்டு இப்போது கால் மடங்காமல் அவதிப்படுகிறார்.

மெயிலின் கடைசி வரியில், "நீ வாட்டர் கூலிங்குக்கு மாறிவிட்டாயாமே, நானும் மாறலாமா?" என்று போகிற போக்கில் கேட்டிருந்தாய். கேள்வி ஒரு வரிதான், பதில் ஒரு வரியில் அடங்காது.

ப்ராசஸரின் சூட்டைத் தண்ணீர் ஓடவிட்டுத் தணிக்கும் இந்த வேலையில் ஏன் இறங்கினேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கணக்குப் பாடங்களை வீடியோவாகப் போடுகிறேன் அல்லவா, குரலை இதே அறையில், இதே மேஜையில்தான் பதிவு செய்கிறேன், கம்ப்யூட்டர் என் காலடியில். அதற்குள் இருப்பது ரைசன் 9 5900எக்ஸ் ப்ராசஸர், 12 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் பன்னிரண்டு மூளை. அட்டைப்பெட்டியில் 105 வாட் என்று போட்டிருக்கும், முழு வேகத்தில் ஓடும்போது 142 வாட் வரை இழுக்கும். அதன் மேல் நான் வைத்திருந்தது நாலு ஹீட் பைப்பும் (சூட்டை மேலே கடத்தும் செம்புக் குழாய்) தகடுகளும் ஒரே ஒரு ஃபேனும் உள்ள நடுத்தர டவர் கூலர். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால்கூட ஃபேன் உய்ங் என்று ஏறும், மூன்று வினாடியில் இறங்கும், நான் வாயைத் திறந்தால் மறுபடியும் ஏறும். ஒரே சீரான இரைச்சலாக இருந்தால் எடிட் செய்யும்போது நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்துவிடலாம், ஆனால் ஏறி இறங்கும் சத்தத்தைத் துடைக்கப் போனால் என் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. ஒரு மாணவி, "மிஸ், நீங்கள் மிக்ஸி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறீர்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, கல்லூரியில் சார் ஒருநாள் க்ரே-2 பற்றிச் சொன்னார், 1985-இல் வந்த சூப்பர் கம்ப்யூட்டர், அதன் பலகைகளையே ஃப்ளூரினெர்ட் என்ற மின்சாரம் கடத்தாத திரவத்தில் முழுக்க முக்கி வைத்திருந்தார்கள் என்று. நாம் பின் பெஞ்சில் சிரித்தோம். அதற்கும் முன்னால், 1960களிலேயே ஐ.பி.எம். பெரிய கணினிகளுக்குள் தண்ணீர் ஓடியது. அந்தச் சிரிப்புக்கு இப்போது தண்டனை அனுபவித்தேன் என்று வைத்துக்கொள்.

இன்னொரு வேடிக்கை, ஏர் கூலிங் என்று நாம் சொல்வதற்குள்ளும் தண்ணீர்தான் இருக்கிறது. அந்தச் செம்புக் குழாய்களுக்குள் பெரும்பாலும் துளி நீர், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் சூட்டிலேயே ஆவியாகி மேலே போகும், தகடுகள் பக்கம் குளிர்ந்து நீராகி, குழாயின் உள்சுவரில் இருக்கும் திரி போன்ற பூச்சு வழியாகக் கீழே இறங்கும். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது, ஆயுள் முழுக்க அது பாட்டுக்கு நடக்கும். இதைப் படித்த பிறகு என் பழைய கூலர் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது, கழற்றும் நாளில் வந்தது என்பதுதான் சோகம்.

கழற்றிய கதைக்கு வருகிறேன். ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தேன். கூலரோடு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, பல் பிடுங்கின மாதிரி! ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கோந்தாகி இருந்திருக்கிறது. ஏ.எம்.4 சாக்கெட்டில் பின்கள் ப்ராசஸரில்தான் இருக்கும், 1,331 பின்கள், பூட்டும் லீவர் பக்கவாட்டில்தான் பிடிக்கும், மேலே இழுத்தால் தடுக்காது. ஒரு ஓரத்தில் நாலு பின் சாய்ந்திருந்தது. எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகச் சொல்கிறேன். மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டை முனையைப் பின்னில் மாட்டி மெல்ல மெல்ல நிமிர்த்தினேன், பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம். சாக்கெட்டில் வைத்ததும் தானாக இறங்கி உட்கார்ந்தது. கழற்றும் முன் கம்ப்யூட்டரை அரை மணி நேரம் கனமான வேலையில் ஓட்டி பேஸ்ட்டை இளக வைத்துவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமும் திருகிக்கொண்டே எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும் டி, எப்போதோ படித்திருக்கிறேன், அவசரத்தில் மறந்துவிட்டேன்.

வாங்கியது 280 மில்லிமீட்டர் ரேடியேட்டர் (தண்ணீர் சுமந்து வரும் சூட்டைக் காற்றில் விடும் பகுதி) உள்ள ஏ.ஐ.ஓ., அதாவது பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே நிரப்பி அடைத்து வருவது. நாமே குழாய் வெட்டி, வளைத்து, நீர் ஊற்றும் முறையும் இருக்கிறது, அழகாக இருக்கும், ஆனால் வருஷத்துக்கொரு தடவை வடித்து மாற்றுவது, செம்பையும் அலுமினியத்தையும் ஒரே நீரோட்டத்தில் கலந்துவிட்டால் அரிப்பு வருவது என்று அது தனிப் பொழுதுபோக்கு. அதற்கு ஆயுள் போதாது.

ரேடியேட்டரைக் கேபினெட்டின் கூரையில் மாட்டத்தான் நினைத்தேன். ரேடியேட்டர் 27 மில்லிமீட்டர், ஃபேன் 25 மில்லிமீட்டர், இரண்டும் சேர்ந்து 52, என் ரேம் குச்சிகளின் தலையில் இடித்தது. கூலர் வாங்கும்போது ரேடியேட்டர் நீளத்தை மட்டும் அளந்தேன், தடிமனை அளக்கவில்லை. சரி என்று முன்பக்கம் மாட்டினேன், குழாய்கள் மேலே இருக்கும்படி. ஆன் செய்தால் களக் களக் என்று சத்தம், மீன்தொட்டி மாதிரி. மூடிய யூனிட்டுக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும், அது எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும், அங்கேதான் குழாய் வாய் இருந்தது, நீரோடு காற்றையும் இழுத்தது. தலைகீழாகத் திருப்பி, குழாய் வாய் கீழே வரும்படி மாட்டியதும் அடங்கிவிட்டது. பம்ப் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கவே கூடாது, காற்றுக்குமிழி அதற்குள் போய்த் தங்கிவிட்டால் பம்ப் உலர்ந்து ஓடித் தேய்ந்துபோகும். அப்புறம் சி.பி.யு. ஃபேன் எரர் என்று சொல்லி பூட் ஆக மறுத்தது, பம்ப் வயரை வேறொரு பின்னில் செருகியிருந்ததால் மதர்போர்டு ஃபேனே இல்லை என்று நினைத்துக்கொண்டது. ரேடியேட்டர் ஃபேன் வயரை சி.பி.யு. ஃபேனுக்கான பின்னில் மாற்றிச் செருகினேன், ஐந்து நிமிட வேலை.

இப்போது பலன். நீ எதிர்பார்க்கும் எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூன்று மணி நேர ரெண்டரில், அதாவது எடிட் செய்த வீடியோவைக் கம்ப்யூட்டர் முழு ஃபைலாக உருவாக்கும் வேலையில், முன்பு 84 டிகிரி, இப்போது 73. அவ்வளவுதான். நான் மனதில் 60 என்று வைத்திருந்தேன். சும்மா இருக்கும்போது ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. காரணம் யோசித்தால் எளிது, இந்த 12 கோரும் இரண்டு சில்லுகளில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. அந்தச் சின்ன இடத்திலிருந்து சூடு வெளியே வந்து ப்ராசஸரின் உலோக மூடியைக் கடந்து கூலரின் அடித்தகட்டைத் தொடும் வரை உள்ள பாதையில் நான் எதையும் மாற்றவில்லை. தகட்டுக்கு அப்புறம் காற்று இருந்தால் என்ன, காவிரியே ஓடினால் என்ன, முதல் நெரிசல் அங்கேயே இருக்கிறது. தண்ணீர் சூட்டை அழிப்பதும் இல்லை, இன்னொரு இடத்துக்குச் சுமந்து போகிறது, அங்கே கடைசியில் அறைக் காற்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அறை 30 டிகிரி என்றால் அதற்குக் கீழே எந்த ரேடியேட்டரும் போகாது.

ஆனால் சத்தம் மாறிவிட்டது, ரேவதி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,180 ஜூல் வேண்டும், ஒரு லிட்டர் காற்றுக்கு சுமார் 1.2 ஜூல் போதும். எல்லோரும் இதைச் சொல்லித்தான் தண்ணீர் உசத்தி என்பார்கள், எனக்கு இதில் பிடித்தது தண்ணீரின் மந்தம். ப்ராசஸர் இன்னமும் வினாடிக்கொரு தரம் 45, 66, 48 என்று குதிக்கத்தான் செய்கிறது, தண்ணீர் அசைவதில்லை. முழு வேலை கொடுத்தால்கூட ஏழெட்டு நிமிடம் எடுத்து மெதுவாக அறையை விடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே போய் நிற்கிறது. என் யூனிட்டில் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறது, எல்லாவற்றிலும் இருக்காது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஃபேனை ப்ராசஸர் சூட்டோடு கட்டாமல் தண்ணீர் சூட்டோடு கட்டிவிட்டேன். பக்கம் திறந்தால், ஃபைல் காப்பி செய்தால், எதற்கும் ஃபேன் பதறுவதில்லை. இதைச் செய்யாமல் ஆலைவிட்டு வந்த அமைப்பிலேயே விட்டவர்கள்தான், தண்ணீருக்கு மாறியும் அதே இரைச்சல் என்று புலம்புகிறார்கள். மூன்று மணி நேர ரெண்டருக்கும் இரண்டு பெரிய ஃபேன்கள் நிமிடத்துக்கு 850 சுற்றில் ஒரே சுருதியில் நிற்கின்றன. பம்பின் மெல்லிய ரீங்காரம் ராத்திரியில் மட்டும் கேட்கும்.

நஷ்டமும் உண்டு. முன்பக்க ரேடியேட்டர் வழியாகச் சூடான காற்று உள்ளே வருவதால் கிராஃபிக்ஸ் கார்டு மூன்று டிகிரி கூடுதலாக ஓடுகிறது. பழைய கூலரின் ஃபேன் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின்சாரப் பகுதிக்கும் ரேமுக்கும் சேர்த்து விசிறிக்கொண்டிருந்தது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது, அந்த ஹீட்சிங்க்கைத் தொட்டால் கை பட்டென்று வருகிறது. பின்பக்க ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்துச் சமாளிக்கிறேன்.

ஒழுகாதா என்று கேட்பாய். அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பது சுத்த நீரும் இல்லை, பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க ஏதேதோ கலந்திருப்பார்கள், கார்டின் மேல் விழுந்தால் கதை முடியும். முதல் இரண்டு ராத்திரி கிராஃபிக்ஸ் கார்டின் மேல் டிஷ்யூ பேப்பர் விரித்து, காலையில் ஈரமா என்று தொட்டுப் பார்த்தேன், கைக்குழந்தை வைத்திருப்பவள் மாதிரி. ஒழுகுவதை விட எனக்கு யோசனை ஆயுளைப் பற்றித்தான். ரப்பர் குழாய்ச் சுவர் வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், பம்பும் தேயும், ஐந்தாறு வருஷம் உழைத்தால் நல்லது. டவர் கூலரில் ஃபேன் போனால் ஃபேனை மாற்றினால் போதும், இதில் பம்ப் போனால் மொத்தமும் குப்பை. ப்ராசஸர் செத்துவிடாது, சூடு ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடைசியில் தானே அணைந்துவிடும்.

இப்போது வெட்கக்கேடான விஷயம், வேறு யாரிடமும் சொல்லாதே. எல்லாம் மாட்டி முடித்த அடுத்த வாரம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எதையோ தேடும்போது ஒரு செட்டிங் கண்ணில் பட்டது. சூடு குதித்தாலும் ஃபேன் உடனே ஏறாமல் சில வினாடி பொறுத்து ஏறும்படி வைக்கலாம். பழைய கூலரோடேயே இதைப் போட்டிருந்தால் பதிவு நேரத்து உய்ங் பாதிக்கு மேல் போயிருக்கும், இலவசமாக. நீண்ட ரெண்டருக்கு அது உதவாது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன், அது நிஜமும்கூட.

அதனால் உனக்கு என் பதில், வேண்டாம். உன்னுடையது ஆறு கோர் 5600எக்ஸ், 76 வாட்டுக்கு மேல் இழுக்காது, நீ செய்வது கணக்கு வழக்கும் போட்டோ திருத்தமும். அதற்குத் தண்ணீர் கட்டுவது எலி பிடிக்க யானையை வாங்கிய கதை. உன் பிரச்சினை ப்ராசஸரோடு வந்த குட்டிக் கூலர். முதலில் பயாஸில் அந்த ஃபேன் தாமதத்தைப் போட்டு ஒரு வாரம் பார். அப்படியும் இரைந்தால், என் டவர் கூலர் அலமாரியில் சும்மாதான் இருக்கிறது, துடைத்து, ஹீட் பைப்புகளைத் தடவிக் கொடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பிவிடுகிறேன். உன் சாக்கெட்டும் ஏ.எம்.4 தானே, அப்படியே உட்காரும். கேபினெட்டின் உள் அகலத்தை மட்டும் அளந்து எழுது, கூலரின் உயரம் 155 மில்லிமீட்டர், கண்ணாடிக் கதவு மூட வேண்டும். பழைய கூலரைக் கழற்றும்போது மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது வேண்டும்.

இழுக்காதே, திருகு.

அன்புடன்,
வாசுகி